ஆற்றங்கரையில் ஒரு சிற்பத் தோட்டம்

நியூயார்க் மாநகரின் ஐந்து பெரும் பிரிவுகளுள் ஒன்றான குவீன்ஸில், ஈஸ்ட் ரிவர் என்னும் நீர்ப்பரப்பின் கீழ்க்கரையை ஒட்டியபடி, வெர்னன் பொலிவார்டு என்ற நீண்ட சாலை வடக்கும் தெற்குமாகச் செல்கிறது. ஆற்றின் நடுவே ரூஸ்வெல்ட் தீவும் அதற்கப்பால் மன்ஹாட்டனின் உயர்ந்த மாளிகைகளும் கண்ணுக்குத் தெரிய, இக்கரையிலோ சென்ற நூற்றாண்டின் பெரும் பகுதியும் பட்டறைகளும், சரக்குக் கிடங்குகளும், கல் வியாபாரிகளின் கொட்டகைகளும், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய புகைபோக்கிகளையுடைய ரேவன்ஸ்வுட் மின்நிலையமும், எளிய குடும்பங்களுக்காக அரசாங்கம் எழுப்பிய அடுக்குக் குடியிருப்புகளுமே காட்சியளித்து வந்தன. கலைகளை நாடி வரும் யாத்ரிகர் கால்வைக்கும் இடமென்று எவரும் எண்ணியிராத அந்தச் சாலையில், 1985-ஆம் வருஷத்தில் ஒரு சிற்பக் காட்சிசாலையும், அதற்கு அடுத்த வருஷத்தில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு சிற்பப் பூங்காவும் தோன்றின. முன்னது இஸாமு நோகுச்சி என்ற சிற்பி தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அமைத்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. பின்னது மார்க் டி சுவேரோ என்ற மற்றொரு சிற்பி அக்கம்பக்கத்து ஜனங்களைத் துணை சேர்த்துக்கொண்டு, குப்பைமேட்டைத் திருத்தி உண்டாக்கியது. அங்கே எந்த நாளிலும் கட்டணம் கிடையாது.

கட்டணமில்லாத நாள் என்பது காட்சிசாலை நிர்வாகிகள் மனமிரங்கி அளிக்கும் சலுகை என்று நம்மில் பலர் கருதிக்கொண்டிருக்கிறோம். இந்த ஆற்றங்கரையின் கதையை அறிந்தவர்களுக்கு அந்த அபிப்பிராயம் நீடிக்காது. இங்கே திறந்த கதவுதான் மூல நோக்கம். சிற்பங்கள் அதற்காகவே வந்து சேர்ந்தன.

நியூயார்க்கில் காட்சிசாலைகளின் கதவு எளியவர்களுக்குத் திறந்த சரித்திரம், பெரும்பாலும் வாதாடிப் பெற்ற உரிமைகளின் சரித்திரமே ஆகும். நகரத்துக்குச் சொந்தமான பூங்காவில், நகரத்தின் பணத்தில் எழுந்த கட்டடத்தில் இயங்கிய மெட்ரோபாலிடன் கலைக் காட்சிசாலை, பல வருஷகாலம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியே கிடந்தது. வாரத்தில் ஆறு நாளும் உழைத்துக் களைத்த தொழிலாளிக்கு ஓய்வு வாய்த்தது அந்த ஒரு நாளில்தான். ஆனால் கர்த்தரின் ஓய்வு நாளில் காட்சிசாலையைத் திறப்பது சமய மரபுக்கு விரோதமென்று தர்மகர்த்தாக்களிலும் நன்கொடையாளர்களிலும் பலர் உறுதியாக நம்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட விண்ணப்பங்களும், பத்திரிகைகளின் இடைவிடாத வற்புறுத்தலும் சேர்ந்து அந்த உறுதியைத் தளர்த்திய பிறகு, 1891 மே 31-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகக் கதவு திறந்தது. அன்று ஒரு நாளில் மட்டும் வந்தவர்கள் 12,000 பேர் அளவில் இருந்தார்கள். சாதாரண ஜனங்களுக்குக் கலையில் நாட்டமில்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு அந்தக் கூட்டமே விடையாயிற்று.

அடுத்த பெரிய கிளர்ச்சி ஒரு சிற்பியால், அதுவும் ஒரு சிற்பத் தோட்டத்தில் தொடங்கியது என்பது நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. 1969 ஜனவரி 3-ஆம் தேதி, தாகிஸ் என்ற கிரேக்கச் சிற்பி மன்ஹாட்டனிலுள்ள நவீனக் கலைக் காட்சிசாலைக்குள் சென்று, தம்முடைய இசைவின்றி ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த தம் சிற்பத்தைத் தம் கையாலேயே பீடத்திலிருந்து எடுத்து, அந்த ஸ்தாபனத்தின் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்து, நிர்வாகம் அதைக் கண்காட்சியிலிருந்து விலக்கிக்கொள்ளச் சம்மதிக்கும் வரையில் அருகிலேயே இருந்தார். அவர் எழுப்பியது கலைஞனின் உரிமை பற்றிய வினா. ஆனால் அவரைச் சுற்றித் திரண்ட ஓவியர்களும் சிற்பிகளும் எழுத்தாளர்களும் 'கலைத் தொழிலாளர் கூட்டணி' என்ற பெயரில் ஒன்றுகூடி நிர்வாகத்துக்கு அளித்த 13 கோரிக்கைகளில், பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் ஒன்றாக இடம் பெற்றது. படைத்தவனுக்குத் தன் படைப்பின்மீது உரிமை உண்டென்றால், பார்ப்பவனுக்கும் அதன்மீது உரிமை உண்டு என்பதை அவர்கள் ஒரே மூச்சில் சொன்னது மிகவும் போற்றத் தக்க காரியம். 1970-ஆம் வருஷத்தில் அந்தக் காட்சிசாலை வாரத்தில் ஒரு நாளைக் கட்டணமில்லாத நாளாக அறிவித்தது. இன்று அந்நகரில் எத்தனையோ ஸ்தாபனங்கள் ஒரு மாலைப்பொழுதையோ ஒரு முழு நாளையோ இவ்வாறு ஒதுக்கி வைத்திருக்கின்றன. அதன் வேர் இந்தக் கிளர்ச்சியில் இருக்கிறது.

இனி நோகுச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1904-ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்த அவருக்குத் தந்தை யோனே நோகுச்சி என்ற ஜப்பானியக் கவி. ரவீந்திரநாத தாகூரோடு நட்புப் பாராட்டி, பின்னாளில் ஜப்பான் சீனாமீது தொடுத்த யுத்தத்தைப் பற்றிக் கடிதங்கள் மூலம் அவரோடு கடுமையாகத் தர்க்கித்தவர் என்ற அளவில் நம் நாட்டார் அவரை அறிவார்கள். தாய் லியோனி கில்மோர் என்ற அமெரிக்க மாது. தகப்பனாரின் அரவணைப்பு இன்றி, இரண்டு தேசங்களுக்கும் சொந்தமாகியும் இரண்டிலும் அந்நியராகவே பார்க்கப்பட்டும் வளர்ந்த அந்தப் பிள்ளை, பதின்மூன்று வயதில் ஜப்பானிலிருந்து தனியே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, பிறகு நியூயார்க்கில் வைத்தியக் கல்விக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்தில், தாயாரின் தூண்டுதலால் நகரின் கீழ்க்கோடியிலிருந்த லியனார்டோ டாவின்சி கலைப் பள்ளியின் மாலை வகுப்புக்குப் போனார். குடியேறி வந்த ஏழை இத்தாலியத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு அந்தியில் வந்து கற்பதற்கென்று ஏற்பட்ட பள்ளிக்கூடம் அது. அதன் தலைவரான ஒனோரியோ ருவோடோலோ என்ற சிற்பி இளைஞரின் கைத்திறனைக் கண்டு, பணத்தைப் பற்றிய கவலை குறுக்கே நில்லாதபடி உபகாரம் செய்து அவரை அங்கே இருத்திக்கொண்டார். மூன்றே மாதங்களில் முதற் கண்காட்சி நடந்தது. வைத்தியப் படிப்பு கைவிடப்பட்டது. கூலிக்காரர்களுக்காக மாலையில் திறந்துவைத்த ஒரு கதவின் வழியாகத்தான் அந்தச் சிற்பி கலையுலகத்துக்குள் பிரவேசித்தார் என்பதை, அவருடைய காட்சிசாலைக்குக் கட்டணமின்றிச் செல்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

1927-ஆம் வருஷம் கக்கன்ஹைம் நிதியத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுப் பாரிஸ் சென்று பிரான்குஸி என்ற சிற்பியிடம் உதவியாளராக இருந்து கல்லைச் செதுக்கக் கற்றதும், பீகிங் நகரில் ச்சி பைஷி என்ற ஓவியரிடம் தூரிகைப் பயிற்சி பெற்றதும், மார்த்தா கிரஹாமின் நாட்டியங்களுக்கு அரங்கப் பொருள்கள் அமைத்ததும், கிஃபு நகரத்துக் காகித விளக்குகளுக்குப் புது உருவம் கொடுத்ததும் கலை சரித்திரக்காரர்கள் விரிவாக எழுதியிருக்கும் சங்கதிகள். எனக்கு அவருடைய வாழ்க்கையில் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. சிற்பம் என்பது பீடத்தின்மேல் நின்று வணக்கத்தை ஏற்கும் பொருளாக மட்டும் இருந்துவிடக் கூடாது. ஜனங்கள் காலால் நடந்தும், குழந்தைகள் ஏறி இறங்கியும் அநுபவிக்கக் கூடிய பூமியாகவே அது ஆகிவிட வேண்டும் என்ற சங்கல்பம் அவருக்கு முப்பது வயது நிரம்பும் முன்பே உண்டாகிவிட்டது. 1933-ஆம் வருஷத்தில் 'விளையாட்டு மலை' என்ற திட்டத்தை அவர் வகுத்தார். நகரத்தின் ஒரு கட்டடத் தொகுதி அளவுள்ள நிலத்தையே படிப்படியாக உயர்த்திச் சரித்து, கோடையில் நீர் வழிந்தோடவும், குளிர்காலத்தில் பனிமீது பிள்ளைகள் சறுக்கி விளையாடவும் தக்கவாறு அமைத்த மாதிரி அது. ஊஞ்சல் இல்லை, இரும்புக் கம்பி இல்லை. நிலத்தின் வடிவமே விளையாட்டு.

அந்த மாதிரியை அவர் நகரப் பூங்காக்களின் அதிகாரியான ராபர்ட் மோஸஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாலங்களும் சாலைகளும் நீச்சல் குளங்களும் கட்டி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக நியூயார்க்கின் உருவத்தைத் தம் இஷ்டப்படி மாற்றியமைத்த பெரிய நிர்வாகி அவர். விளையாட்டு மைதானங்களையும் நூற்றுக்கணக்கில் ஏற்படுத்தியவர். ஆனால் மைதானம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு ஒரே அச்சுத்தான் இருந்தது. சிற்பியின் யோசனையைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார் என்று நோகுச்சி பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சிரிப்பின் காயம் ஐம்பது வருஷமும் ஆறவில்லை என்று அவருடைய பிந்திய முயற்சிகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைக் கட்டடத்தருகே குழந்தைகளுக்கென்று 1951-52-இல் அவர் வகுத்த மைதானத்தையும் மோஸஸே எதிர்த்து நிறுத்தினார். அதன் மாதிரியை நவீனக் கலைக் காட்சிசாலை மக்களுக்குக் காட்சிக்கு வைத்ததுதான் மிச்சம். பிறகு, ஆமதாபாத்திலும் டாக்காவிலும் பெரும் கட்டடங்களை எழுப்பிய லூயி கானோடு கூட்டுச் சேர்ந்து, ஹட்ஸன் நதிக்கரையில் ரிவர்சைடு பூங்காவுக்காக 1961 முதல் 1966 வரை மாதிரிக்குமேல் மாதிரியாகச் செய்து பார்த்தார். அக்கம்பக்கத்தார் சிலர் ஆட்சேபித்தார்கள், வழக்கு நடந்தது, மேயர் மாறினார், திட்டமும் கைவிடப்பட்டது. தம்மை வளர்த்த நகரத்தில் ஒரு விளையாட்டு மைதானமாவது அமைத்துக் கொடுக்க வேண்டுமென்று அவர் செய்த பிரயத்தனங்கள் யாவும் இவ்வாறு வீணாயின.

இடையில் யுத்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. 1942-இல் அமெரிக்க அரசாங்கம் மேற்குக் கடற்கரையில் வசித்த ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேரை, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகளாக இருந்தும், வீடு வாசலிலிருந்து பெயர்த்துப் பாலைவன முகாம்களில் அடைத்தது. நியூயார்க்வாசியான நோகுச்சியை அந்த உத்தரவு தீண்டவில்லை. அவரோ, அடைபட்ட மக்களுக்குப் பூங்காவும் நீச்சல் குளமும் விளையாடும் இடமும் அமைத்துக் கொடுத்தால் அவர்கள் துயரம் சற்றுத் தணியும் என்ற நினைப்பில், அரிஸோனாவிலுள்ள போஸ்டன் முகாமுக்குத் தாமாகவே சென்று குடியேறினார். படங்கள் வரைந்தார்; பொருள் கேட்டார்; ஒன்றும் கிடைக்கவில்லை. தாமே விரும்பி உள்ளே போனவர் வெளியே வர அநுமதி பெறுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. முள்வேலிக்குள்ளேயும் பூங்கா வேண்டும் என்று எண்ணிய மனிதர் அவர். கலை என்பது வயிறு நிறைந்தவர்களின் ஓய்வு நேர அலங்காரம் என்று வாதிப்பவர்களுக்கு நான் இந்த ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக் காட்டுவேன்.

யுத்தம் முடிந்தபின் 1949-இல், பாலிங்கன் நிதியத்தின் உதவி பெற்று, ஜனங்கள் தங்கள் ஓய்வை எவ்விதமான இடங்களில் கழிக்கிறார்கள், அந்த இடங்கள் எவ்வாறு உருவாயின என்பதை ஆராய நெடும் பிரயாணம் புறப்பட்டார். ஐரோப்பாவின் சதுக்கங்களையும் எகிப்தின் கற்களையும் பார்த்துவிட்டு இந்தியாவுக்கு வந்தார். இலங்கைக்கும் பாலித் தீவுக்கும் சென்றார். இந்தியாவுக்கு வரவேண்டுமென்ற ஆவல், 1927-இல் உபகாரச் சம்பளத்துக்கு எழுதிய விண்ணப்பத்திலேயே அவர் வெளியிட்டிருந்த ஆவல். ஸவாய் ஜெய்சிங் மகாராஜா பதினெட்டாம் நூற்றாண்டில் டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் கட்டிய ஜந்தர் மந்தர் வானோக்கு நிலையங்கள் அவரை ஆட்கொண்டன. ஏறிச் சென்றால் ஆகாயத்தில் போய் முடியும் படிக்கட்டும், சூரியனின் நிழல் நகர்வதற்கென்று வளைத்துக் கட்டிய மதில்களுமாக, மனிதன் உள்ளே நின்று அநுபவிக்கும் மாபெரும் சிற்பமாகவே அவற்றை அவர் கண்டார். விதவிதமாகப் புகைப்படங்கள் எடுத்தார். 1986-இல், எண்பத்தொரு வயதில், வெனிஸ் நகரக் கலைவிழாவில் அமெரிக்காவின் பிரதிநிதியாக அவர் வைத்த வெண்சலவைக்கல் சறுக்குமேடைக்கு 'ஸ்லைடு மந்த்ரா' என்று பெயர் சூட்டியதற்கு அந்த நினைவே காரணம். சுருண்டு இறங்கும் அந்தக் கல்லை, பார்க்க வந்தவர்கள் சறுக்கியும் பார்த்தார்கள்.

நகரம் நிலம் தராது என்று கண்ட பிறகு அவர் தாமே நிலம் தேடினார் என்று சொன்னால் தவறாகாது. 1961-இல் மன்ஹாட்டனை விட்டு நீங்கி, குவீன்ஸில் இந்த ஆற்றங்கரையை ஒட்டிய லாங் ஐலண்ட் சிட்டியில் ஒரு சிறு தொழிற்சாலைக் கட்டடத்தில் பட்டறை அமைத்துக்கொண்டார். கல் வியாபாரிகள் அருகிலேயே இருந்தது அவருக்கு வசதியாயிற்று. 1974-இல் தெருவுக்கு எதிர்ப்புறம் காலியாகக் கிடந்த செங்கல் கட்டடம் ஒன்றை விலைக்கு வாங்கினார். 1920-களில் எழுந்த அது, புகைப்படங்களை அச்சுக்கட்டைகளாகப் பொறித்துக் கொடுக்கும் தொழிற்சாலையாக இருந்தது. ஷோஜி ஸதாவோ என்ற கட்டடக்கலை நிபுணரின் துணையோடு அதைத் திருத்தி, பக்கத்தில் புதிய பகுதியொன்றைச் சேர்த்து, நடுவே தோட்டம் அமைத்து, 1985 மே மாதத்தில் பொதுஜனங்களுக்குத் திறந்தார். உயிரோடு இருக்கும் கலைஞர் ஒருவர் தம் படைப்புகளுக்கென்று தாமே நிறுவி, தாமே வகுத்து, தாமே அடுக்கிவைத்த காட்சிசாலை அமெரிக்காவில் அதற்கு முன் இருந்ததில்லை. பாரிஸில் ரோதான் என்ற சிற்பி தம் படைப்புகளைத் தேசத்துக்கு ஒப்படைத்ததும், ஆஸ்லோவில் விகெலான் என்ற சிற்பி நகரசபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தம் வாழ்நாள் உழைப்பையெல்லாம் ஊருக்குக் கொடுத்ததும் உண்டு. அவர்களுக்கெல்லாம் அரசாங்கத்தின் கை பக்கபலமாக இருந்தது. இவர் தம் சேமிப்பையே நம்பினார்.

உள்ளே நுழைகிறவரை முதலில் எதிர்கொள்வது, பாதி கூரையும் பாதி வானமுமாக அமைந்த ஒரு கற்கூடம். சிமெண்டுத் தரையில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பஸால்ட் பாறைகளும் கருங்கற்களும் நிற்கின்றன. பூமிக்கடியில் கிடந்த காலத்தில் படிந்த துருநிறத் தோல் ஒரு பக்கத்தில் அப்படியே இருக்க, உளி பட்ட இடம் மட்டும் சாம்பல் நிறமாகவும், மெருகேறிய இடம் மழைக்கால இரவைப்போலக் கறுத்தும் தோன்றும். ஒரே கல்லில் இம்மூன்றையும் காணலாம். இக்கற்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஷிகோகு தீவிலுள்ள முரே என்ற கல்தச்சர் கிராமத்தில், மஸதோஷி இஸூமி என்ற கைதேர்ந்த கல்தச்சரின் துணையோடு அவர் 1969 முதல் அமைத்துக்கொண்ட பட்டறையில் உருவானவை. கூரையில்லாத இடத்தில் மழை பெய்கிறது, பனி விழுகிறது. கற்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு நிற்கின்றன. அருகே பெயர்ப் பலகைகள் இல்லை. படித்துவிட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டு, பார்த்துவிட்டு யோசிக்கும் பழக்கத்துக்கு வருபவரைத் திருப்புவது அவருடைய கருத்து. கலைப் படிப்பு இல்லாத பேட்டைவாசி ஒருவர் முதல் வெள்ளிக்கிழமை மாலையில் குழந்தையோடு வந்து நிற்கும்போது, பண்டிதரும் அவரும் ஒரே நிலையில் அந்தக் கல்லின் முன் நிற்கிறார்கள். இந்தச் சமத்துவம் வேறு எந்தக் காட்சிசாலையிலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புலப்பட்டதில்லை.

கூடத்தைக் கடந்தால் தோட்டம். சரளைக்கல் பரப்பிய சிறிய நிலம். கட்சுரா மரமும் பைன் மரமும் செர்ரியும் மக்னோலியாவும் நிழல் தருகின்றன. 1982-இல் செய்த 'கிணறு' என்ற பஸால்ட் சிற்பத்தில், உள்ளிருந்து ஊறி எழும் நீர் மேற்பரப்பில் நிறைந்து, நான்கு பக்கமும் கல்லோடு ஒட்டிய மெல்லிய திரையாக இறங்குகிறது. உற்றுப் பார்த்தாலன்றி அது ஓடுகிறது என்றே தெரியாது. அந்த நிலத்தை வாங்கியபோது தானே முளைத்து வளர்ந்திருந்த எய்லாந்தஸ் மரமொன்றை, நம் ஊர்ப் பெருமரத்தின் இனத்தைச் சேர்ந்த அதை, களைச்செடியென்று வெட்டித் தள்ளாமல் நோகுச்சி தோட்டத்தின் அங்கமாகவே வைத்துக்கொண்டார். முதுமையால் அது தளர்ந்து 2008-இல் வெட்ட வேண்டி வந்தபோது, அதன் மரத்திலிருந்து பலகை ஆசனங்கள் முதலியவற்றைச் செய்து காத்துவைத்தார்கள். கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தோட்டத்தில் இசைக் கச்சேரிகள் நடப்பதும் வழக்கமாகியிருக்கிறது.

ஒன்றைக் குறையாகச் சொல்லத்தான் வேண்டும். குழந்தைகள் ஏறி விளையாடுவதற்காகவே சிற்பம் பிறந்தது என்று கருதியவரின் காட்சிசாலையில், சிற்பங்களைத் தொடக் கூடாது. பல தலைமுறைகளுக்குக் காக்கவேண்டிய பொருள்களுக்கு அந்த விதி அவசியமே. என்றாலும் ஒரு மனோரதத்தின் பாதிதான் இங்கே நிறைவேறியிருக்கிறது என்ற உணர்வு எழாமல் இராது. மறு பாதிக்கு இரண்டு தெரு வடக்கே நடக்க வேண்டும்.

பிராட்வே என்ற தெரு ஆற்றை வந்து தொடும் அவ்விடத்தில், முன்பு படகுத்துறையாக இருந்து பாழடைந்து, கட்டட இடிபாடுகளையும் கழிவுகளையும் களவாகக் கொண்டுவந்து கொட்டும் மேடாகிவிட்ட சுமார் ஐந்து ஏக்கர் நிலம் கிடந்தது. அதன் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தவர் டி சுவேரோ. ஷாங்காயில் 1933-இல் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்த இவர், 1960-இல் மின்தூக்கி விபத்தொன்றில் முதுகெலும்பு நொறுங்கி, இனி நடக்கவே மாட்டார் என்று வைத்தியர்கள் சொன்ன நிலையிலிருந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பற்றவைப்புத் தொழிலைக் கற்று, பின்பு எழுந்து நடந்து, பாரந்தூக்கி எந்திரத்தைத் தாமே இயக்கி, இரும்பு உத்தரங்களால் பிரம்மாண்டமான சிற்பங்களை எழுப்பியவர். 1986-இல் அவரும் பிற கலைஞர்களும் சுற்றுப்புறத்து இளைஞர்களும் சேர்ந்து அந்த மேட்டைச் சுத்தம் செய்து, சிற்பங்களை வைத்து, 'சாக்ரடீஸ் சிற்பப் பூங்கா' என்று பெயரிட்டார்கள்; பக்கத்துப் பேட்டையான அஸ்டோரியாவில் நிறைந்து வாழும் கிரேக்கக் குடும்பங்களுக்குச் செய்த மரியாதை அந்தப் பெயரில் அடங்கியிருக்கிறது. நிலம் பண்பட்டவுடன் அதன் மதிப்பும் ஏறிவிட்டது; செல்வந்தர்களுக்கு மாடி வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் முனைந்தது. ஜனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1998-இல் நகர நிர்வாகம் அதை நிரந்தரப் பூங்காவாக அங்கீகரித்தது.

இங்கே கலைஞர்கள் அந்த இடத்திலேயே தங்கி வேலை செய்து, ஊரார் கண்ணெதிரில் சிற்பங்களை உருவாக்குகிறார்கள். கோடை மாலைகளில் திறந்தவெளியில் பல தேசத்துத் திரைப்படங்களைக் காட்டுகிறார்கள். அதற்கு முன்பு இசை. சுற்றுவட்டத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலிருந்து உணவு வந்து சேரும். இலையுதிர் காலத்தில் அறுவடைத் திருவிழா, கோடையின் நெடும்பகல் நாளன்று ஒரு கொண்டாட்டம். கம்பளத்தையோ போர்வையையோ விரித்து அமர்ந்திருக்கும் குடும்பங்களுக்கிடையே சிற்பங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடுகிறார்கள். நோகுச்சி 1933-இல் மாதிரியாகச் செய்து பார்த்த கனவு, வேறொருவர் கையால், அவர் பட்டறையின் அண்டையிலேயே இவ்விதம் பலித்தது.

அவர் கையாலேயே பலித்தது கடலுக்கு அப்பால். ஜப்பானின் வடகோடியிலுள்ள ஸப்போரோ நகரசபை, குப்பை கொட்டி நிரப்பிய ஒரு பெரிய நிலத்தைப் பூங்காவாக்கும் பொறுப்பை 1988-இல் அவரிடம் ஒப்படைத்தது. சில மாதங்களில் திட்டம் முழுவதையும் வகுத்து முடித்த அவர், அந்த வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். உடனிருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2005-இல் மொயெரெனுமா பூங்கா முழுமையாகத் திறக்கப்பட்டது. 30 மீட்டர் உயரத்துக்கு எழும் அதன் 'விளையாட்டு மலை', மோஸஸ் சிரித்து அனுப்பிய மலையேதான். அதே நகரின் ஓடோரி பூங்காவில் கருங்கல்லில் வடித்த சறுக்குமேடையும் இருக்கிறது. குழந்தைகள் சறுக்கிச் சறுக்கி அதற்கு மெருகேற்றும்போதுதான் அந்தச் சிற்பம் பூர்த்தியாகும் என்பது அவர் எண்ணம். இரண்டு இடத்திலும் நுழைவதற்குக் காசு கேட்பவர் எவருமில்லை.

குவீன்ஸ் நமக்கு அந்நியமான ஊர் அன்று. அழகப்பா அழகப்பன் முதலிய அன்பர்களின் முயற்சியால் 1977-இல் கும்பாபிஷேகம் நடந்த ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் அங்கேதான் இருக்கிறது; பிள்ளைகளையும் பேரக் குழந்தைகளையும் பார்க்க அமெரிக்கா செல்லும் தமிழர்களில் அக்கோயிலுக்குப் போகாமல் திரும்புவோர் குறைவு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத் தரிசனத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளஷிங்கிலிருந்து வரும் 7-ஆம் எண் ரயிலில் ஏறி, குவீன்ஸ்பரோ பிளாஸாவில் அஸ்டோரியா ரயிலுக்கு மாறி, பிராட்வே நிலையத்தில் இறங்கி, ஆறு தெரியும் வரையில் மேற்கே நடங்கள். முதலில் பூங்காவுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளை ஓட விடுங்கள். அவர்கள் ஓடிக் களைத்த பிறகு நோகுச்சியின் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, அந்தக் கிணற்றுக் கல்லின் அருகே சற்று நேரம் நிறுத்தி, நீர் எங்கே ஓடுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.